ஹெட்போனும் ஒரு சரக்குதான்

துவரம்பருப்பு மூட்டை கடை வாசலில் வந்து இறங்கினால், சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு நாம் கல்லாப்பெட்டியைத் திறப்பதில்லை. குத்தூசியால் குத்தி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்க்கிறோம். வெல்லத்தை உடைத்துப் பார்க்கிறோம். மிளகாயைக் கையில் அள்ளி உலுக்கி ஈரம் பார்க்கிறோம். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சரக்குப் பார்த்தே பழகிய நாம், கம்பியில்லா ஹெட்போன் ஒன்றை வாங்கும்போது மட்டும் அட்டைப்பெட்டியில் உள்ள எழுத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். விற்கும்போதும் அதே எழுத்தை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுகிறோம். இது சரியா என்பதை வணிகப் பெருமக்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹெட்போனுக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய காவேரிப்பாக்கத்தில் லாரியும் பேருந்தும் ஓயாத நேரம் குறைவு. மின்சாரம் நின்றால் கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமுகிறது. கடைத்தெருவில் பகல் நேரத்தில் 65 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த எல்லை நம் வாசலில் எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவேதான் இன்று பாதி ஆர்டர் போனில் வருகிறது. ‘அரைக் கிலோ’ என்றது ‘ஆறு கிலோ’ என்று காதில் விழுந்தால் நஷ்டம் நமக்கே.

இன்னொன்று, வியாபாரம். மளிகைக் கடைகளிலும் சார்ஜர், கேபிள், நெக்பேண்ட், இயர்பட்ஸ் எல்லாம் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கிவிட்டன. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும், வாலாஜா, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் தொழிற்கூடங்களுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ‘சத்தம் கேட்காத ஹெட்செட் இருக்கா அண்ணே?’ என்று நம்மிடமே கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் பெட்டியை எடுத்து நீட்டுவது வணிகனுக்கு அழகல்ல.

விமானத்திலிருந்து கடைத்தெருவுக்கு

சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்கலாம் என்பது பழைய யோசனை. பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அன்று அதைக் கைக்கு அடக்கமான பொருளாகச் செய்ய வசதி இல்லை. 1978இல் அமர் போஸ் என்பவர் விமானத்தில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்க முயன்றபோது, எஞ்சின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. பயணம் முடிவதற்குள் அவர் அதற்குத் தீர்வு காணக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய விடுதலைப் போராட்டக்காரர். அவர் நிறுவிய போஸ் கம்பெனி 1989இல் விமானிகளுக்கும், 2000ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கும் இத்தகைய ஹெட்போனைக் கொண்டுவந்தது. அன்று வசதி படைத்தவர்களின் பொருளாக இருந்தது, இன்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. நம் ஏரியில் ஒரு அலையின் மேடும் இன்னொரு அலையின் பள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே தண்ணீர் மட்டமாகிவிடும். அதுபோல, ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் மோதி அடங்குகின்றன.

இதில் ஒரு வரம்பு உண்டு. ஜெனரேட்டர், மாவு மில், பேருந்து எஞ்சின், மின்விசிறி ஆகியவற்றின் உறுமல் ஒரே சீராக நீளும் தாழ்ந்த ஒலி. அதன் அலை மீட்டர் கணக்கில் நீளமானது. எதிர் அலையைப் பொருத்துவது சுலபம். லாரி ஹாரன், குக்கர் விசில், பக்கத்தில் பேசுகிறவரின் குரல் எல்லாம் சட்டென்று வந்து போகும் உயர்ந்த ஒலி, அலை சிறியது. ஆயிரம் ரூபாய்ப் பொருளானாலும் முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளானாலும் அவற்றை முழுவதும் அடக்க முடியாது. ‘மாட்டினால் உலகமே நிசப்தம்’ என்று எவர் சொன்னாலும் அது விளம்பரப் பேச்சு.

ஒரே சொல், மூன்று சரக்கு

‘இரைச்சல் நீக்கம்’ என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று வேறு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. இதைப் பிரித்து அறிவதுதான் தலையாய காரியம்.

முதலாவது, வெறும் அடைப்பு. ரப்பர் முனை காதுத் துளையை அடைத்துக்கொள்ளும். அல்லது மெத்தை காதை மூடிக்கொள்ளும். பஞ்சு வைத்தால் சத்தம் குறைவது போலத்தான். இது எல்லா நல்ல ஹெட்போனிலும் ஓரளவு உண்டு. இதற்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இ.என்.சி. என்று அட்டையில் போடுவது. இது மைக்குக்கு உரியது. நாம் போன் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள இரைச்சல் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காமல் வடிகட்டும். நம் காதுக்கு ஒரு சத்தத்தையும் குறைக்காது. போட் கம்பெனி இதையே ‘இ.என்.எக்ஸ்.’ என்ற தன் பெயரில் விற்கிறது.

மூன்றாவது, ஏ.என்.சி. மேலே சொன்ன எதிர் அலை வேலையைச் செய்து, போட்டிருப்பவர் காதில் விழும் இரைச்சலைக் குறைப்பது இதுதான்.

இ.என்.சி. என்பதும் ஏ.என்.சி. என்பதும் ஓரெழுத்து வித்தியாசம். விலையிலும் பயனிலும் உள்ள வித்தியாசமோ பெரிது. பெயரும் நம்மை ஏமாற்றும். 2023இல் ஒன்பிளஸ் கம்பெனி ‘நார்ட் பட்ஸ் 2’ என்று ஒன்றும், ‘நார்ட் பட்ஸ் 2ஆர்’ என்று ஒன்றும் கொண்டுவந்தது. முன்னதில் ஏ.என்.சி. உண்டு, பின்னதில் கிடையாது. கம்பெனி இதை மறைக்கவில்லை. விவரத்தில் சொல்லியே விற்றது. ஆனால் அவசரத்தில் பெட்டியை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டால், பொய் சொன்னவர் யார்?

டெசிபல் என்னும் படி

அட்டையில் 25 டெசிபல், 42 டெசிபல் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நார்ட் பட்ஸ் 2க்குச் சொல்லப்பட்டது 25. 2024இல் 2,499 ரூபாய்க்கு வந்த சி.எம்.எஃப். பட்ஸுக்குச் சொல்லப்பட்டது 42. இதைப் பார்த்து ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு நல்லது என்று முடிவு கட்டக்கூடாது.

டெசிபல் கணக்கு நம் ரூபாய்க் கணக்கு போன்றது அல்ல. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. காதுக்கு ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். அட்டையில் இருப்பது ‘அதிகபட்சம்’ என்ற எண். எந்தத் தாழ்ந்த ஒலியில் மிக நன்றாக அடங்கியதோ அந்த ஒரு புள்ளியில் கிடைத்தது. மற்ற ஒலிகளில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் கூடத்தில் தான் அளந்த எண்ணைப் போடுகிறது. எல்லாரும் ஒரே படியால் அளந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். முத்திரையில்லாத படியால் அளந்த நெல்லை நாம் கணக்கில் ஏற்றுவோமா? இந்த எண்ணையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கடையிலேயே ஒரு பரீட்சை

நல்லவேளையாக, இந்தச் சரக்கைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நம் கடையே போதும்.

ஐஸ்கிரீம், பால் வைக்கும் ஃப்ரீசர் பக்கத்தில் நில்லுங்கள். அதன் கம்ப்ரசர் உறுமலும் தலைக்கு மேல் மின்விசிறியும் ஓடட்டும். ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டுப் போடாதீர்கள், பாட்டுப் போட்டால் எந்த ஹெட்போனும் வெளிச்சத்தத்தை மறைக்கும். ஏ.என்.சி.யை நிறுத்தி அரை நிமிடம் கேளுங்கள். பிறகு போட்டு அரை நிமிடம் கேளுங்கள். உறுமல் பட்டென்று இறங்கினால் சரக்கு உண்மை. லேசாக ‘ஸ்ஸ்’ என்ற ஓசை கேட்பது இயல்பு. அது எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தால் மட்டம். சிலருக்குக் காதில் அழுத்துவது போலவும் தோன்றும். அவர்களுக்கு அந்தப் பொருள் ஒத்துவராது என்று சொல்லிவிடுவதே நேர்மை.

அடுத்து, தெருவோரம் வந்து இன்னொருவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். அவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா, லாரி சத்தம் கேட்கிறதா என்று விசாரியுங்கள். இது மைக்குக்கான பரீட்சை. வித்தியாசம் போட்டிருப்பவர் காதில் தெரிந்தால் ஏ.என்.சி.; மறுமுனையில் இருப்பவர் காதில் தெரிந்தால் இ.என்.சி. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் அட்டை எழுத்தைப் பார்த்து யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

இயர்பட்ஸ் ஆனால், பெட்டியில் வரும் சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகளை மாற்றிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. முனை காதில் சரியாகப் பொருந்தாவிட்டால், இடுக்கு வழியாக இரைச்சல் புகுந்து ஏ.என்.சி.யின் பயன் பெரும்பாலும் போய்விடும். ‘வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வரும் சரக்கில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, கண்ணாடி போட்டிருப்பவர் கண்ணாடியோடும், வியர்க்கிறவர் வியர்வையோடும் கால் மணி நேரமாவது மாட்டியிருந்து பார்க்க வேண்டும். சோனியின் டபிள்யூ.எச்.-சி.எச்.720என் (2023இல் 9,990 ரூபாய்க்கு வந்தது) 192 கிராம். அதைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் சவுண்ட்கோர் கியூ20ஐ ஏறக்குறைய 246 கிராம். ஐம்பது கிராம் என்ன பெரிது என்று தோன்றும். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் தலையில் சுமந்தால் தெரியும்.

மணிக்கணக்கும் மெத்தையும்

‘50 மணி நேரம்’, ‘60 மணி நேரம்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஏ.என்.சி. போடாமல் ஓடும் நேரம். மேலே சொன்ன சோனிக்குக் கம்பெனி கொடுத்த கணக்கு: ஏ.என்.சி. இல்லாமல் 50 மணி, போட்டால் 35. சவுண்ட்கோருக்கு 60 மணி, போட்டால் 40. இரண்டுமே போதுமான நேரம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்குகிறவர் இரைச்சலைக் குறைக்கத்தானே வாங்குகிறார்? அவருக்குச் சொல்ல வேண்டியது சின்ன எண். இயர்பட்ஸுக்கோ, சொல்லும் மொத்த நேரம் டப்பாவில் உள்ள பேட்டரியையும் சேர்த்தது. காதில் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு தேயும் பண்டம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மெத்தை விஷயத்தில் நம் பகுதிக்காரர்களை ஏமாற்றவே முடியாது. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலை விரலால் தடவியே தரம் சொல்கிற ஊர்கள். மலிவான ஹெட்போனில் ‘லெதர்’ என்று சொல்லப்படும் மெத்தை, துணியின் மேல் பூசிய செயற்கைப் பூச்சு. வியர்வையும் தலை எண்ணெயும் வெப்பமும் சேர்ந்தால் ஓரிரு ஆண்டில் செதில் செதிலாக உரியும். உரிந்த மெத்தை காதை மூடாது. மூடாவிட்டால் இரைச்சல் உள்ளே வரும். ஆகவே மாற்று மெத்தை கிடைக்குமா என்று கொள்முதல் செய்யும்போதே கேட்டு வைப்பது நல்லது.

முத்திரை இல்லாத தராசு வேண்டாம்

தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் நாம் அபராதம் கட்டுகிறோம். இந்தச் சரக்குக்கும் முத்திரை உண்டு. கம்பியில்லா ஹெட்போன் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்ட பொருள். பி.ஐ.எஸ். குறியும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். எண் ஒரு கம்பெனி, பெட்டி இன்னொரு கம்பெனி என்றால் அந்தச் சரக்கைத் தொடக்கூடாது.

பருப்புப் பொட்டலத்தில் நாம் பார்க்கும் அதே விவரங்கள் இதிலும் வேண்டும்: அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், ஆண்டு, புகார் சொல்லும் தொலைபேசி எண். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பில் இல்லாமல், பெரிய கம்பெனியின் பெயர் போட்டு, ‘ஒரிஜினல் மாதிரியே’ என்று பாதி விலைக்கு வரும் சரக்கு நம்மில் சிலருக்கு ஆசை காட்டுகிறது. போலி முத்திரைச் சரக்கை விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. செய்தவர் யார் என்றே தெரியாத பொருளின் பேட்டரி வெடித்து ஒருவர் காயப்பட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற கடைக்காரரே பொறுப்பாளியாக நேரிடும். ஐம்பது ரூபாய் கூடுதல் லாபத்துக்கு இவ்வளவு பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனமா?

காதைக் காக்கும் கவசமல்ல

இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தோல் தொழிற்கூடத்திலும் ரைஸ் மில்லிலும் வேலை செய்கிற பிள்ளைகள், ‘மெஷின் சத்தம் தாங்கலை, இதைப் போட்டுக்கிட்டா காது கெடாதில்ல?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்று சொல்லி விற்கக்கூடாது. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது பல நாடுகளில் எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் போகும் இடத்தில் போட வேண்டியது, சத்தக் குறைப்பு அளவு சோதித்துச் சான்று பெற்ற காதுக் கவசம். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் எஞ்சின் உறுமலைக் குறைக்கும். தகடு வெட்டும், சுத்தி அடிக்கும் கூர்மையான சத்தத்தை அது நம்பும்படி தடுக்காது. உறுமல் குறைந்ததும் ஆபத்தும் குறைந்துவிட்டதாக அந்தப் பிள்ளை எண்ணிக்கொள்வான். போன செவித்திறன் திரும்பி வருவதில்லை.

நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனம் ஓட்டும்போதும், சாலையைக் கடக்கும்போதும் இதை மாட்டக்கூடாது என்று ஒவ்வொரு விற்பனையிலும் சொல்ல வேண்டும். பின்னால் வரும் லாரியின் எஞ்சின் உறுமலைத்தான் இது மிக நன்றாக மறைக்கிறது.

இதில் நல்ல பக்கமும் உண்டு. பேருந்தில் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக நாம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம். ஏ.என்.சி. இருந்தால் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன பாதுகாப்பு வரம்பு. இந்த வரம்புக்குள் இருக்க இக்கருவி உதவும்.

யாருக்கு எது?

நமது கருத்து இதுதான். கல்லாவில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுக்கும் கடைக்காரருக்கு ஏ.என்.சி. கட்டாயமில்லை. வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரின் குரல் கேட்காமல் போவது வியாபாரத்துக்கே கெடுதல். அவருக்கு நல்ல மைக் உள்ள, ஒரு காதில் மட்டும் மாட்டக்கூடிய இ.என்.சி. பொருளே போதும். ராத்திரிப் பேருந்தில் சரக்கெடுக்கப் போகிறவர்களுக்கும், கம்பெனி பஸ்ஸில் தினம் இரண்டு மணி நேரம் போய்வருகிறவர்களுக்கும், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவர்களுக்கும் ஏ.என்.சி. கொடுக்கும் காசுக்குப் பலன் தரும். மலிவு என்பதாலேயே அது மட்டம் அல்ல. விலை உயர்ந்ததில் அடக்கம் இன்னும் அதிகம், வசதி அதிகம். ஆனால் பேருந்து உறுமலைக் குறைக்கும் அடிப்படை வேலையை நல்ல மூவாயிரம் ரூபாய்ப் பொருளும் செய்கிறது.

விற்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆன்லைன் கம்பெனிகளோடு விலையில் மல்லுக்கட்டி நாம் ஜெயிக்க முடியாது. அவர்களால் முடியாத ஒன்று நம்மால் முடியும்: மாட்டிப் பார்க்கக் கொடுப்பது. எந்த மாடல் விற்கிறோமோ அதில் ஒன்றைப் பிரித்து மாதிரிக்கு வையுங்கள். ஒவ்வொருவர் போட்டுப் பார்த்த பிறகும் முனையைத் துடைத்து வையுங்கள். ஃப்ரீசர் பக்கம் நிறுத்திப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மாதிரியின் விலை நமக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அரிசிக்கடையில் ஒரு பிடி மாதிரி அள்ளிக் கொடுப்பதை நாம் என்றைக்காவது நஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறோமா?

தனித்தனியாக ஐந்து, பத்து என்று எடுப்பதைவிட, சங்கத்தின் மூலம் நாலைந்து கடைகள் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் ஜி.எஸ்.டி. பில்லோடு இரண்டு மூன்று மாடல்கள் மட்டும் எடுக்கலாம். உத்தரவாதம் யார் கொடுப்பது, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மாடல்களில் ஏ.என்.சி. உண்டா இல்லையா என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு தொங்கவிட வேண்டும்.

பருப்பில் கல் இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்பதால்தான் வாடிக்கையாளர் மூன்று தலைமுறையாக நம் படியேறுகிறார். அந்த நாணயத்தை ஒரு அட்டைப்பெட்டியின் எழுத்துக்காக நாம் பணயம் வைக்கக்கூடாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கூட்டுக் கொள்முதல் யோசனையை உறுப்பினர்கள் எடுத்துப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.